அறுத்துவிட்ட வலை

ஜூன் 9, திங்கள்

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் சொன்னார்: "எமரென்சியம்மா, அடுத்தவங்களப் பத்திப் பேசணும்னு நாக்கு துறுதுறுன்னு வந்தா பேசாதீங்க. எழுதி வைங்க. கோபம் அதுலயே போயிரும்." பிரசங்கத்தைச் செல்போனில் பார்த்து வாசிக்கிற சாமியார் அவர். இருந்தாலும் குருவானவர் சொல்லிவிட்டார். எழுதுகிறேன்.

இன்று மாலை விசைப்படகு உரிமையாளர் சங்கக் கூட்டம், எங்கள் ஐஸ் பேக்டரி மாடியில். வேறு இடத்துக்கு வாடகை கொடுக்க மனமில்லாத சங்கம். என் வீட்டுக்காரர் கஸ்பார் போகும்போது எனக்கு விட்டுப்போனவை இந்த ஐஸ் பேக்டரி, 'ராயப்பர்' என்ற விசைப்படகு, அவருடைய சித்தப்பா மகன் லியோன் தல்மேதா. முதல் இரண்டும் பழுதானால் மெக்கானிக் வந்து சரிசெய்வான். லியோன் சங்கத் தலைவராக இருக்கிறான்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து மோகனப்பிரியா என்று ஒரு பெண் வந்திருந்தாள். தொண்டு நிறுவனமாம். படகுக்கு ஒரு சாக்கு தருவாள். படகு இழுத்துப் போகிற வலையை நாங்கள் மடி என்போம். அந்த மடியில் மீனோடு சேர்ந்து ஏறுகிற பிளாஸ்டிக்கை மறுபடி கடலில் எறியாமல் சாக்கில் போட்டுக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அவள் அதைப் பிரித்து மதுரைக்கு அனுப்புவாள். செலவு ஒரு சோப்புக் கம்பெனியுடையது. ஊரெல்லாம் ஷாம்பூவைப் பாக்கெட் பாக்கெட்டாக விற்கிற கம்பெனிக்குக் கடல்மேல் திடீர்ப் பாசம்.

லியோன் எழுந்து பேசினான். "கடல் நம்ம தாய். தாய் மடியில குப்ப போடலாமா?" எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு டீ வந்தது, பிளாஸ்டிக் கப்பில். குடித்து முடித்துக் கப்பை ஜன்னல் வழியாகப் பின்பக்கக் கழிமுகத்தில் போட்டார்கள். லியோனும் போட்டான்.

அந்தப் பெண் பார்த்தாள். வாயில்லாப் பூச்சி. பத்து நாள் தாங்கமாட்டாள்.

ஜூன் 12, வியாழன்

மீன்பிடித் தடைக்காலம் சனிக்கிழமையோடு முடிகிறது. ஐஸ் மிஷினை ஓட்டிப் பார்த்தேன். முனகுகிறது, ஆனால் ஓடுகிறது.

துறைமுகத்தில் ஒரே சத்தம். எங்கள் படகு டிரைவர் இன்னாசி என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறான். லியோன் தன் நான்கு படகுக்கும் புது வலை ஏற்றினான். கொச்சியிலிருந்து வரவழைக்கிற ஆரஞ்சு நிற வலை. இந்தச் சவேரியார்துறையில் அவனுக்கு மட்டும்தான் அந்த நிறம். மாப்பிள்ளைச் சட்டை போட்டவனைப்போல அதைச் சுற்றிச் சுற்றி வருகிறான். கிழிந்துபோன பழைய ஆரஞ்சு வலைகளும் படகில் ஏறின. அவை எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். கரையில் போட்டால் பஞ்சாயத்து கேட்கும். கடலில் போட்டால் கேட்க ஆளில்லை.

எங்கள் படகிலும் பழைய பச்சைத் துண்டுகள் ஏறின. பின்னே, வீட்டில் வைத்துப் போர்த்திக்கொள்ளவா?

ஜூன் 16, திங்கள்

முதல் நாள். படகுகள் விடியலில் போய்ப் பொழுது சாயத் திரும்பின. நல்ல பாடு, மீன் குவிந்தது. ஐஸ் முழுக்கத் தீர்ந்தது.

மோகனப்பிரியா துறைமுகத்தில் தராசை வைத்துக்கொண்டு நின்றாள், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருக்கிறவளைப்போல. ஒரு படகிலிருந்தும் சாக்கு இறங்கவில்லை. எங்கள் சாக்கு எங்கே என்று இன்னாசியிடம் கேட்டேன்.

"என்ஜின் சூடா இருந்துச்சுக்கா. அதுமேல போட்டு உக்காந்துட்டோம்."

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் நின்றாள்.

ஜூன் 21, சனி

அந்தப் பெண்ணின் நிறுவனத்தார் போனிலேயே ஒரு யோசனை சொன்னார்களாம். வாரத்தில் அதிகக் குப்பை கொண்டுவரும் படகுக்கு ஒரு பிரஷர் குக்கர். கடல் தாய்க்கு அசையாதவர்கள் குக்கருக்கு அசைந்தார்கள். இன்று மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். லியோன் படகுகளில் இருந்துதான் அதிகம்.

ஒரு மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். காய்ந்த தூசி. கல்யாண மண்டபத்துத் தண்ணீர் பாட்டில். மஞ்சள் நீராட்டு விழா பேனர் ஒன்று, மடித்தது மடித்தபடி. ஈரம் இல்லை, உப்பு இல்லை. ஊர்க் குப்பையைக் காலையில் படகில் ஏற்றி மாலையில் இறக்கியிருக்கிறார்கள்.

அவளைத் தனியே கூப்பிட்டேன். "ஏ பிள்ள, நடுக்கடல்ல எவளுக்குட்டி மஞ்ச தண்ணி ஊத்துனாவ? உன்ன நல்லா ஏமாத்துதானுவ."

"தெரியுங்க்கா," என்றாள். "சாக்கத் தூக்குனப்பவே தெரிஞ்சுதுங்க. கடல் குப்பைன்னா இந்நேரம் நாறியிருக்குமில்லீங்க?"

"தெரிஞ்சுமா தராசுல போட்ட?"

"இதும் என்னிக்காச்சும் ஓடை வழியா கடலுக்குத்தானுங்க போயிருக்கும். இன்னிக்கு இங்கயே நின்னுருச்சு. குக்கர் போனாப் போகுதுங்க்கா."

எனக்கு எரிச்சல் வந்தது. முட்டாளைத் திட்டலாம். தெரிந்தே ஏமாறுகிறவளை என்ன சொல்லித் திட்டுவது?

ஜூன் 24, செவ்வாய்

இன்று அவளை எங்கள் படகில் கடலுக்கு அனுப்பினேன். கடல் என்றால் என்னவென்று பார்த்துவிட்டு மூட்டைகட்டி ஊருக்குப் போகட்டும் என்றுதான். பெண் ஏறினால் பாடு படாது என்று சிலுவை முணுமுணுத்தான். சிலுவை எங்கள் படகில் வலை இழுக்கிறவன். படகின் சொந்தக்காரியே பெண்தான், சம்பளம் வாங்கும்போது அந்தத் தீட்டு ஞாபகம் வராதா என்று கேட்டேன். ஏற்றிக்கொண்டான்.

ஜூன் 25, புதன்

நேற்று பொழுது சாய இறங்கினாள். முகம் வெளிறிச் சுண்ணாம்பாக இருந்தது. கையில் சாக்கு. நிறைந்த சாக்கு. அதன் நாற்றத்தில் ஏலக்காரர்கள் விலகி நின்றார்கள். பாசி படிந்த பைகள், செருப்புகள், எண்ணெய்க் கவர்கள், சிப்பி ஒட்டி வளர்ந்த ஒரு ஷாம்பூ டப்பா.

இன்று காலை இன்னாசி சொன்னான்: "காலைல இருந்து வாந்திக்கா. எடுக்கும், வாயத் தொடச்சுக்கிட்டு வந்து உக்காரும், மீன் பிரிக்கற எடத்துல குப்பைய மட்டும் பொறுக்கும். மறுபடி ஓடிப் போய் எடுக்கும். பாத்துக்கிட்டு நிக்க எங்களுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. நாங்களும் பொறுக்குனோம்."

"தெனமும் பொறுக்குங்க," என்றேன். "லியோனுக்குக் குக்கர் போகக்கூடாது."

குக்கர் வீட்டில் மூன்று இருக்கிறது. அது வேறு விஷயம்.

ஜூலை 2, புதன்

கச்சான் காற்று பிடித்துவிட்டது. மேற்கிலிருந்து மணலை வாரி இறைக்கிறது. துணி காயப்போட முடியவில்லை.

எங்கள் படகிலிருந்து தினமும் நிஜமான கடல் குப்பை வருகிறது. வேறு இரண்டு படகுக்காரர்களும் கொண்டுவர ஆரம்பித்திருக்கிறார்கள், எங்களிடம் தோற்கக்கூடாது என்று. மதுரைக் கம்பெனி லாரி வந்தது. லாரிக்காரன் பாட்டிலையும் கேனையும் மட்டும் ஏற்றினான். வலைத்துண்டு வேண்டாமாம், சிக்கலாம். பாக்கெட், கவர் வேண்டாமாம், உருகாதாம். நல்ல பழத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகிறவனுக்குப் பெயர் மறுசுழற்சியாம்.

மிச்சத்தைப் போட அவளுக்கு இடமில்லை. கஸ்பார் வலை போட்டு வைத்த கிட்டங்கியைத் திறந்துவிட்டேன். அவர் போனதிலிருந்து பூட்டியே கிடந்தது. பூட்டிய கட்டடத்தில் எலி சேரும். அதனால்தான்.

அவள் கேரளாவில் ஒரு கம்பெனியைத் தேடிப் பிடித்திருக்கிறாள். பழைய நைலான் வலையை உருக்கி மறுபடி நூலாக்குகிறவர்கள். வலை மட்டும் ஒரு லாரி சேர்ந்தால் வந்து எடுப்பார்களாம். பாக்கெட்டை யார் எடுப்பார்கள் என்று கேட்டேன்.

"அத யாருமே எடுக்கமாட்டாங்க்கா. செய்யாம இருந்தாத்தான் உண்டு."

மதியம் இங்கேதான் சாப்பிடுகிறாள். விட்டால் தினமும் நூடுல்ஸ் கிண்டித் தின்று அந்தக் கவரையும் கிட்டங்கியில் சேர்ப்பாள். மீன் தின்னத் தெரியவில்லை. முள் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 5, சனி

லியோன் படம் பேப்பரில் வந்திருக்கிறது. 'கடலின் காவலர்.' அந்தப் பக்கத்தில்தான் இன்று மீன் செதில் உரசினேன்.

ஜூலை 9, புதன்

எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

உச்சிப் பொழுதில் சிலுவை போன் செய்தான். காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது. தண்ணீருக்குள் மிதந்துகொண்டிருந்த பழைய வலைக் குவியல் ஒன்று படகின் விசிறியில் சுற்றி என்ஜின் நின்றுவிட்டது. காற்று படகைத் தீவுப் பார் பக்கம் தள்ளுகிறது. பார் என்பது தண்ணீருக்குள் கிடக்கிற பாறைத்திட்டு; மோதினால் பலகைகூட மிஞ்சாது. படகில் ஆறு பேர்.

லியோனின் படகு ஒன்று அங்கே பக்கத்தில் இருந்தது. அவன் வீட்டுக்கு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏ லியோன், உன் போட்ட அனுப்பு. கயிறு போட்டு இழுக்கணும்."

"பதறாதீங்க மைனி. இப்பத்தான் மடி எறக்கிருக்கான். ஒரு இழுப்பு இழுத்து ஏத்திட்டுப் போவான்."

"ஒரு இழுப்புக்கு ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள பார்ல ஏறிரும்லே."

"மடிய அறுத்து விட்டுட்டா போகச் சொல்லுதிய? புது மடி மைனி."

நின்று அவன் முகத்தைப் பார்த்தேன். ரசத்துக்கு இலையில் சோற்றால் அணைகட்டிக்கொண்டிருந்தான்.

அங்கே இன்னாசி காத்திருக்கவில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கத்தியோடு படகுக்கு அடியில் மூழ்கியிருக்கிறான். வலையை அறுக்க அறுக்கப் படகு அலையில் ஏறி இறங்கியிருக்கிறது. ஒரு ஏற்றத்தில் முறுக்கிக் கிடந்த வலைக்கயிறு அவன் இடது கையைச் சுற்றி இறுக்கிவிட்டது. மூச்சு முட்டும் நேரத்தில் சிலுவை குதித்துக் கயிற்றை வெட்டி மேலே கொண்டுவந்தான். பக்கத்து ஊர் ஃபைபர் படகுக்காரர்கள் இரண்டு பேர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர்கள், தங்கள் வலையை அப்படியே விட்டுவிட்டு வந்து கயிறு போட்டுப் பாருக்கு இந்தப் பக்கம் இழுத்து நிறுத்தினார்கள். லியோனின் படகு பிறகு வந்தது.

இன்னாசியைத் தூத்துக்குடிக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். மோகனப்பிரியா கூடப் போனாள். நான் போகவில்லை. படகைப் பார்க்க வேண்டும். படகு கோடிக்கணக்கில் விலை.

படகை இன்னும் பார்க்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 10, வியாழன்

தூத்துக்குடியில் மிஷினுக்கு ஒரு வால்வு வாங்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வழியில்தான்.

இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு கிடந்தான். அவன் மனைவி ரோஸ்லின் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. சரிதான்.

"ஸ்டியரிங் பிடிக்க மூணு வெரலு போதும்க்கா," என்றான். "வேற ஆளப் போட்டுறாதிய."

"வேற எவன் வருவான் அந்த ஓட்டப் போட்டுக்கு? பேசாமப் படு."

"என்ன வலைன்னு பாத்தியளா?"

"இல்ல."

"பாருங்க."

வால்வு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

விசிறியிலிருந்து வெட்டியெடுத்த வலைக் குவியலைத் துறைமுகத்தில் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு செத்த மாட்டைப்போலக் கிடந்தது. உள்ளே அழுகிய நண்டு, மீன், யாருக்கும் உதவாமல் செத்தவை. மேலே ஆரஞ்சு, நிறைய ஆரஞ்சு. இடையில் நீலம், அது சங்கச் செயலாளருடையது. வெள்ளை. அப்புறம் பச்சை.

காலையிலிருந்து ஒவ்வொரு முதலாளியும் அந்தப் பக்கம் உலாத்தப் போவதுபோலப் போனான். குனிந்து பார்த்தான். தன் நிறத்தைக் கண்டதும் வானத்தைப் பார்த்தான். திரும்பி வந்து, "கேரளாக்காரன் வலை போல" என்றான். இப்படி ஒரு கூட்டத்தோடு இத்தனை வருஷம் கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

மாலையில் சங்கக் கூட்டம். சிலுவையையும் மற்றவர்களையும் விட்டு அந்தக் குவியலை மாடிக்குத் தூக்கிவரச் சொன்னேன். நாற்றம் பொறுக்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். லியோன் இன்னாசிக்கு ஒரு நிமிஷம் ஜெபிப்போம் என்றான்.

"ஜெபம் அப்புறம்," என்றேன். "அவனவன் நெறத்த அவனவன் அறுத்து எடுத்துட்டுப் போங்க."

யாரும் அசையவில்லை. லியோன்தான் சிரித்துக்கொண்டே கேட்டான்: "உங்க பச்சையுந்தான கெடக்கு மைனி?"

"கெடக்கு. அத நான் எடுக்கேன். உன் ஆரஞ்ச நீ எடு."

கத்தியை வாங்கிக் குனிந்து பச்சையை அறுத்தேன். சுலபமாக வரவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து அறுத்தேன். புடவையெல்லாம் சேறு. அதில் ஒட்டுப் போட்டிருந்த தையல் கஸ்பார் போட்டது. அந்த ஆள் எதையும் ஒழுங்காக முடிச்சுப் போடமாட்டார், ஒன்றுக்கு இரண்டாகப் போடுவார். அது அறுபட நேரமாயிற்று.

ஒருவரும் எழுந்துவரவில்லை. அப்போது சொன்னேன்: "திங்கக்கெழமையிலேருந்து, எத்தன மடியோட போறியளோ அத்தன மடியோட திரும்பி வரணும். கிழிஞ்சதும் வரணும். பார்ல மாட்டி அறுக்க வேண்டியதாயிட்டா எந்த எடத்துலன்னு வந்து சொல்லணும். பழச என் கிட்டங்கியில போடணும். போடாத போட்டுக்கு ஐஸ் கெடையாது."

லியோன் சிரிப்பை நிறுத்தினான்.

கடலுக்குப் பயப்படாதவர்கள் ஐஸுக்குப் பயப்படுகிறார்கள்.

ஜூலை 14, திங்கள்

பயப்படவில்லை. லியோன் தூத்துக்குடியிலிருந்து லாரியில் ஐஸ் இறக்கினான். எல்லாப் படகும் அவனிடம் வாங்கிக்கொண்டு போயிற்று. எங்கள் தொட்டியில் ஐஸ் அப்படியே கிடக்கிறது. ராயப்பரும் கரையில் கிடக்கிறது.

மோகனப்பிரியா கேட்டாள்: "தோத்துட்டமாங்க்கா?"

நாம் என்ன நாம். நேற்று வந்தவள்.

ஜூலை 21, திங்கள்

ஒரு வாரமாக மிஷினை நிறுத்தி வைத்திருக்கிறேன். இரைச்சல் இல்லாமல் தூக்கம் வரவில்லை. மகள் மஸ்கட்டிலிருந்து போன் செய்தாள். "எல்லாரையும் பகைச்சுக்கிட்டு என்னம்மா சாதிக்கப் போறிய?" என்றாள். அவளை அங்கே கட்டிக்கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

பாதித் தெரு என்னோடு பேசுவதில்லை. அதில் பெரிய நஷ்டம் இல்லை, அவர்கள் பேசினாலும் கேட்க ஒன்றும் இருக்காது. மோகனப்பிரியா ஒருத்தி பேசுகிறாள், ஓயாமல். அவர்கள் ஊரில் மஞ்சள் எப்படி வேகவைப்பார்கள் என்று நேற்று முழுக்கச் சொன்னாள்.

இன்னாசி வீட்டுக்கு வந்துவிட்டான். மற்ற படகுகளின் ஆட்கள் வரிசையாக வந்து அவன் கையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று ரோஸ்லின் சொன்னாள். வேடிக்கை பார்க்கிற சனம்.

ஜூலை 25, வெள்ளி

இன்று நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

காலையில் படகுகள் புறப்படவில்லை. சத்தம் கேட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். முதலாளிமார் ஒரு பக்கம், கடலுக்குப் போகிற ஆட்கள் ஒரு பக்கம். லியோன் படகில் ஒரு கிழிந்த மடி ஏற்றியிருந்தது. அதைக் கடலில் விட்டு வரச் சொல்லியிருக்கிறான். அவன் டிரைவர் செல்வஸ்டர் அதைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு நின்றான்.

"ஏல, ஏத்துல," என்றான் லியோன்.

"மாட்டேன் அண்ணாச்சி. நாங்க விட்டது நாளைக்கு எங்க விசிறியிலதான் சுத்தும். முங்குறது நீங்களா நானா?"

"இன்னாசி அவன் அவசரத்துக்கு முங்குனான்."

"அவரு முங்கும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். மடிய ஏத்திட்டுப் போன்னு நீங்க சொன்னிய. இழுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு ராத்திரி சோறு எறங்கல."

செல்வஸ்டர் அந்த மடியைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தான். கிட்டங்கியில் போட்டுவிட்டு வந்து, "எக்கா, ஐஸ் இருக்கா?" என்றான். எனக்கு அவனைப் பிடிக்காது. குடிகாரன்.

"மிஷின் போட்டு நேரமாகும். இரு," என்றேன்.

மதியத்துக்குள் பதினொரு படகுகள் பழைய வலையைக் கொண்டுவந்து போட்டுவிட்டன. லியோன் மட்டும் செல்வஸ்டரை நிறுத்திவிட்டு வேறு டிரைவரைத் தேடிக்கொண்டு, லாரி ஐஸ்தான் என்று நிற்கிறான். அந்த ஐஸ் வந்து சேரும்போது பாதி தண்ணீர்.

ஜூலை 30, புதன்

கேரளா லாரி வந்து வலையை அள்ளிக்கொண்டு போனது. கிட்டங்கியில் இப்போது மிஞ்சியிருப்பது பாக்கெட் மட்டும். மூட்டை மூட்டையாக.

சோப்புக் கம்பெனி அதிகாரி ஒருவர் மதியம் காரில் வந்தார். வெள்ளைச் சட்டை. மோகனப்பிரியா ஓடி ஓடிக் காட்டினாள். அவர் கிட்டங்கி வாசலில் நின்று, "பெண்டாஸ்டிக் மேடம். எங்க கம்பெனி இந்தக் கடலைத் தத்து எடுத்திருக்கிறதா நெனச்சுக்கோங்க" என்றார்.

நான் ஒரு மூட்டையை அவிழ்த்தேன். அவர்கள் கம்பெனிப் பாக்கெட் மேலேயே இருந்தது. எழுத்துகூட அழியவில்லை.

"தத்து எடுத்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமில்லா," என்றேன். "இது உங்க பிள்ளைய. ஏத்திக்கிடுங்க."

"மேடம், இது நுகர்வோர் பொறுப்பா அப்புறப்படுத்த வேண்டியது..."

"சிலுவை, டிக்கியத் தெறல."

சிலுவை திறந்து வைத்தான். ஒழுகுகிற மூட்டை. கார் உள்ளே கம்பளம் விரித்திருந்தது. அந்த மனிதர் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வெகுநாளைக்குப் பிறகு இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மோகனப்பிரியா சாப்பிடவில்லை. தலைவலி என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திட்டம் முடிந்துவிட்டதாம். 'இலக்கு எட்டப்பட்டது' என்று சோப்புக் கம்பெனியிலிருந்து தகவல். பணத்தை நிறுத்திவிட்டார்கள். அவளைக் கோவாவுக்குப் போகச் சொல்லியிருக்கிறது அவள் நிறுவனம்.

நான் கேட்டேன்: "அன்னைக்கு நான் செஞ்சதாலயா?"

"இல்லைங்க்கா. எப்படியும் டிசம்பர்ல நிறுத்தியிருப்பாங்க."

பொய் சொல்லத் தெரியாத பெண். காது சிவக்கிறது.

"கோவால என்ன கெடக்கு? அங்கயும் குப்பைதான்," என்றேன். "இங்க பேக்டரியில கணக்குப் பாக்க ஆள் வேணும்."

"எனக்குக் கணக்கு சுத்தமா வராதுங்க்கா."

"நான் வரும்னா சொன்னேன்?"

சிரித்தாள். "அங்க ஆயிரம் போட்டு இருக்குதுங்க்கா. இங்க நடந்தத அங்க சொல்லோணும்" என்றாள்.

சொல்லட்டும். யார் வேண்டாம் என்றது.

ஆகஸ்ட் 9, சனி

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வேலை இருந்தது. அப்படியே அவளை ஏற்றிவிட்டு வந்தேன். நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தேன், துணிப்பையில். அதற்கு முள் எடுக்க வேண்டாம். பஸ் திரும்பும்வரை ஜன்னலில் கையாட்டிக்கொண்டிருந்தாள். பார்க்க அசிங்கமாக இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

கண்ணில் மணல். இந்தக் கச்சான் ஓயவே ஓயாது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

இந்த வாரம் இன்னாசி மறுபடி ராயப்பரை எடுத்தான். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "நீங்க உங்க வேலையப் பாருங்கக்கா" என்றுவிட்டான். கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு மூன்று விரலால் பிடிக்கிறான்.

இன்று மதியம் லியோனிடமிருந்து போன். இந்த ஒரு மாதத்தில் முதல் தடவை.

"மைனி, என் போட்டுல மடியில பெருசா ஒண்ணு ஏறிட்டு. பழைய வலைக் குவியல். தூக்கவும் முடியல, விடவும் முடியல. போட்டு ஒரு பக்கமா சாயுது. இன்னாசி பக்கத்துலதான் நிக்கான்."

"உன் புது டிரைவர் என்ன சொல்லுதான்?"

"அறுத்து விட்டுறலாம்ங்கான்." காற்று இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னான்: "நான் வேண்டாம்னு சொல்லிட்டேன் மைனி. நானும் போட்டுலதான் இருக்கேன்."

எனக்கு வாயில் ஒரு வார்த்தை வந்தது. என்னிடம் இருக்கிற வார்த்தைகளிலேயே நல்ல வார்த்தை. அதைச் சொல்லாமல், இன்னாசியை அழைத்தேன். மடியைத் தூக்கிவிட்டு மெதுவாகப் போ என்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

"போயிக்கிட்டேதான் இருக்கோம்க்கா," என்றான். "மடிய எப்பவோ தூக்கியாச்சு. லியோன் அண்ணாச்சி போட்டு கண்ணுக்குத் தெரியுது."

என்னிடம் கேட்கவே இல்லை. என் படகு, என் டீசல்.

இரண்டு படகும் அந்தப் பொருளை நடுவில் கட்டி, ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தன. பொழுது இன்னும் மிச்சம் இருந்தது. இவ்வளவு பெரிதாக ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆரஞ்சு, பச்சை, நீலம் எல்லாம் வெளிறிப்போய் ஒரே நிறமாகியிருந்தது. இலங்கை எழுத்து போட்ட மிதவைகள், எந்த நாட்டுப் பாஷை என்றே தெரியாத கேன்கள், யார் யாரோ விட்ட கயிறுகள். தூக்கப் பார்த்த துறைமுகக் கிரேனின் கயிறு அறுந்தது. கையால்தான் இழுக்க வேண்டும் என்றாயிற்று.

லியோன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "இது என்னுது இல்ல" என்றான். அவனை யாரும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். செல்வஸ்டர் பிடித்தான். ஏலக்காரர்கள், மீன் வாங்க வந்த பெண்கள், டீக்கடைக்காரன் எல்லாரும் பிடித்தார்கள். இன்னாசி இருக்கிற விரலோடு பிடித்தான், அவனுக்குப் பின்னால் ரோஸ்லின். எனக்கு முன்னால் லியோனின் முதுகு. சதை போட்டு வளர்ந்த முதுகு, மூச்சு இரைக்கிறது. வயசுக்கும் உழைக்காத உடம்பு. ஆனால் அவன் கயிற்றை விடவில்லை.

மோகனப்பிரியா போனில் கேட்டாள், படம் அனுப்புங்க்கா என்று. படம் எங்கே இருக்கிறது? எடுக்க ஒருவர் கையும் காலியாக இல்லை.

உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. எண்ணெய் போட்டிருக்கிறேன், பேனா வழுக்குகிறது. லியோன் போகும்போது கிட்டங்கி வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். ஐஸ் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று இருந்தேன், கேட்காமல் போய்விட்டான்.

காலையில் மிஷினை முன்கூட்டியே போட வேண்டும். அவனுடைய நான்கு படகுக்கும் சேர்த்து.